செவ்வாய்க் காற்றை அளக்கும் சென்சாரைப் பூமியில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

நீங்கள் கேட்டது இதுதான்: செவ்வாய்க் கிரகத்துக்கோ வெள்ளிக் கிரகத்துக்கோ அனுப்பும் லேண்டரில் (தரையில் இறங்கும் கலத்தில்) காற்றின் வேகத்தை அளக்க ஒரு சென்சார் வைக்கிறார்களே, அதைப் பூமியில் எப்படிச் சோதிக்கிறார்கள்? வழக்கமான காற்றுச் சுரங்கத்தில், அதாவது விசிறியால் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் பெரிய குழாயில் வைத்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தால் போதாதா? எந்த ஊராக இருந்தாலும் காற்று காற்றுதானே?

போதாது. நான் சில வருடங்கள் காற்றுச் சுரங்கத்தில் சூடான கம்பி அனிமோமீட்டரோடு (காற்றின் வேகத்தை அளக்கும் ஒரு கருவி) வேலை செய்தவன், அதனால் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உலகில் எந்தக் காற்று சென்சாரும் காற்றின் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. கிண்ணம் சுற்றும் அனிமோமீட்டர் கிண்ணத்தின் மேல் விழும் தள்ளுவிசையை உணர்கிறது. சூடான கம்பி, தன்னிடமிருந்து எவ்வளவு வெப்பம் போகிறது என்பதை உணர்கிறது. மீயொலிக் கருவி, காதுக்கு எட்டாத ஒலி இங்கிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கிறது. விசையையும் வெப்பத்தையும் நேரத்தையும் வேகமாக மாற்றிச் சொல்வது நாம் போடும் கணக்கு. அந்தக் கணக்குக்குள் வாயுவின் அடர்த்தி, வெப்பக்கடத்துதிறன், பாகுத்தன்மை எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. வாயு மாறினால் கணக்கும் மாறும்.

சூடான காபியை ஊதி ஆற்றுகிறோம். ஊதும் வேகம் கூடினால் காபி சீக்கிரம் ஆறும். ஆகவே காபி எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது என்று பார்த்தே ஊதும் வேகத்தைச் சொல்லிவிடலாம். சூடான கம்பி அனிமோமீட்டரின் தத்துவம் இவ்வளவுதான். நான் பயன்படுத்திய கம்பி 5 மைக்ரான் தடிமனுள்ள டங்ஸ்டன். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. இரண்டு ஊசி முனைகளுக்கு நடுவே அது இருக்கிறதா இல்லையா என்பதே விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். ஒரு நாள் புதுக் கம்பியைப் பொருத்திவிட்டு, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தபோது சட்டைக் காலர் லேசாக உரசியது. அவ்வளவுதான், கம்பி போய்விட்டது. அப்படி இருந்தும், நம் காற்றில் அது நொடிக்குப் பல்லாயிரம் முறை வேகத்தைப் படித்துத் தரும். இதையே செவ்வாய்க்கு எடுத்துப் போனால் என்ன ஆகும்?

செவ்வாயின் தரையில் வளியழுத்தம் சுமார் 6 மில்லிபார். நம்முடையது 1013. அங்கே இருப்பதில் 95 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. சராசரி வெப்பநிலை கழித்தல் 60 டிகிரி அளவில். அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 0.02 கிலோகிராம், இங்கே 1.2. அதாவது அறுபதில் ஒரு பங்கு.

இந்த ஒரு எண்ணை வைத்தே பாதிக் கதையைச் சொல்லிவிடலாம். காற்று தள்ளும் அழுத்தம் அடர்த்தியில் பாதி பெருக்கல் வேகத்தின் வர்க்கம். செவ்வாயில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் அது தரும் அழுத்தம் 1 பாஸ்கல். மேசையில் கிடக்கும் ஒரு ஏ4 தாள் தன் எடையால் மேசையை அழுத்துவது கிட்டத்தட்ட 0.8 பாஸ்கல். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு தாளின் எடை அளவுக்குத்தான் தள்ளும். அதே விசையைப் பூமியில் தருவது நொடிக்கு 1.3 மீட்டர் வேகம், முகத்தில் மெல்லப் படும் காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம். அந்த வேகத்தில் செவ்வாயில் அடித்தால் கொடியில் காயும் துண்டுகூட லேசாகத்தான் அசையும். நம் மொட்டைமாடியில் சுற்றும் கிண்ண அனிமோமீட்டரை அங்கே வைத்தால், பேரிங்கின் உராய்வைத் தாண்டிச் சுற்றவே அதற்குத் தெம்பு போதாது.

விசை வேண்டாம், வெப்பத்தை வைத்து அளக்கலாம் என்று வந்தால் அங்கே வேறொரு சிக்கல். ஒரு வாயுவின் அழுத்தத்தைக் குறைத்தாலும் அதன் வெப்பக்கடத்துதிறன் பெரும்பாலும் மாறாது. இதை 19ஆம் நூற்றாண்டிலேயே மேக்ஸ்வெல் கணக்கிட்டுக் காட்டினார். மூலக்கூறுகள் குறையும்போது, ஒவ்வொன்றும் மோதாமல் கடக்கும் தூரம் அதே அளவுக்குக் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஆகவே மெல்லிய வாயுவிலும் சும்மா நிற்கும் சூடான சென்சார் கடத்தலால் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். காற்று வீசுவதால் கூடுதலாகப் போகும் வெப்பம் மட்டும் அடர்த்தியோடு சேர்ந்து சுருங்கிவிடும். நமக்கு வேண்டியதோ அந்தக் கூடுதல்தான். இதற்கு மேல், சென்சாரைத் தாங்கும் காலின் வழியாக ஒழுகும் வெப்பம், கதிர்வீச்சாகப் போகும் வெப்பம், பகலில் சூரியன் கொண்டுவந்து சேர்க்கும் வெப்பம். பூமியில் இவற்றைக் கண்டுகொள்ளாமல் விடலாம். அங்கே இவை எல்லாம் சேர்ந்து காற்றின் பங்கை மூழ்கடித்துவிடும்.

என் 5 மைக்ரான் கம்பிக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. நம் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றின் மேல் மோதாமல் போகும் சராசரித் தூரம் 0.07 மைக்ரான். கம்பியின் பார்வையில் காற்று என்பது இடைவெளி இல்லாத ஒரு திரவம் மாதிரி. செவ்வாயில் அந்தத் தூரம் 5 மைக்ரான் அளவு. கம்பியின் தடிமனும் அதுவும் ஒன்று! அங்கே கம்பியைச் சுற்றி ஓடுவது ஒழுக்கு இல்லை, தனித்தனியாக வந்து அடிக்கும் மூலக்கூறுகள். பாடப்புத்தகத்தில் படித்த வெப்பப் பரிமாற்றச் சூத்திரம் அந்த இடத்தில் செல்லாது. பூமியின் காற்றில் எடுத்த அளவீட்டை ஒரு எண்ணால் பெருக்கி செவ்வாய்க்கு மாற்றிக்கொள்ள முடியாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

சரி, அப்படியானால் செவ்வாயின் வளியையே இங்கே உண்டாக்க வேண்டியதுதான்.

இதற்காகவே கட்டிய இடங்கள் உலகில் மிகச் சில. அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் மார்ஸ்விட் என்ற காற்றுச் சுரங்கம் 1970களிலிருந்து இயங்குகிறது. 13 மீட்டர் நீளமுள்ள சுரங்கம், அதை முழுசாக விழுங்கி நிற்கும் பிரம்மாண்டமான வெற்றிட அறை. செவ்வாயில் மணல் எந்த வேகத்தில் நகரத் தொடங்கும் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் முதலில் அதைப் பயன்படுத்தினார்கள். ஐரோப்பாவில் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகம். அங்கே 2 மீட்டருக்குச் சற்று மேல் விட்டமும் சுமார் 10 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு எஃகு உருளை இருக்கிறது. அதற்குள் விசிறி, காற்றுச் சுரங்கம், குளிரூட்டும் தகடுகள், தூசி தூவும் வசதி எல்லாம் அடக்கம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஆதரவோடு வந்தது. லேண்டர் சென்சார் விஷயத்தில் ஆர்ஹுஸ் பெயர் அடிக்கடி வரும்.

இப்படிப்பட்ட அறையில் சோதனை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். சென்சாரை உள்ளே ஒரு சுழலும் மேடையில் பொருத்தி, கதவை மூடி, முதலில் காற்றை எல்லாம் வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டு உடனே குளிரூட்டினால் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் முழுதும் பனியாகச் சென்சாரின் மேல் படியும். ஆகவே நன்றாக உறிஞ்சி எடுத்து, உலர்ந்த கார்பன் டை ஆக்சைடை விட்டு, அதையும் உறிஞ்சி, திரும்ப நிரப்புவார்கள். அப்புறம் திரவ நைட்ரஜனைத் தகடுகளுக்குள் ஓட்டிக் குளிரவைப்பார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. திரவ நைட்ரஜன் கழித்தல் 196 டிகிரி. 6 மில்லிபாரில் கார்பன் டை ஆக்சைடு உறையும் புள்ளி கழித்தல் 125 அளவு. தகடு அதற்குக் கீழே போய்விட்டால் வாயு தகட்டின் மேல் வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்ளும், அறையின் அழுத்தம் கண்ணெதிரே இறங்கும். பிறகு தகடு சூடேறினால் அழுத்தம் திரும்ப ஏறும். செவ்வாயின் துருவங்களில் பருவத்துக்குப் பருவம் நடப்பதும் இதுதான். அங்கே குளிர்காலத்தில் வளிமண்டலமே உறைந்து விழுவதால் கிரகம் முழுவதும் அழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு ஏறி இறங்குகிறது. அதனால் சென்சாரை ஒரே ஒரு அழுத்தத்தில் சோதித்துவிட்டு வர முடியாது. பல அழுத்தம், பல வெப்பநிலை, பல வேகம், பல கோணம். மேடையைச் சில டிகிரி திருப்பு, விசிறி வேகத்தை மாற்று, எல்லாம் நிலைப்படும் வரை காத்திரு, அளவெடு, மறுபடி திருப்பு. நாள் முழுக்க இதுதான் வேலை.

இந்த வேலையின் மிகக் கடினமான கேள்வி இப்போது வருகிறது. அறைக்குள் உண்மையில் என்ன வேகத்தில் காற்று அடிக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? சோதிக்கும் கருவியை ஒப்பிட, அதைவிட நம்பகமான இன்னொரு கருவி வேண்டுமே.

சாதாரணச் சுரங்கத்தில் பிட்டோ குழாயை (எதிரே வரும் காற்றின் தள்ளும் அழுத்தத்தை அளக்கும் குழாய்) வைத்துவிட்டு நிம்மதியாக இருப்போம். அது அளப்பது அதே அரை அடர்த்தி பெருக்கல் வேக வர்க்கத்தைத்தான். நொடிக்கு 10 மீட்டரில் 1 பாஸ்கல் என்றேன். 2 மீட்டரில் அது 0.04 பாஸ்கல். அழுத்த வேறுபாட்டைக் காட்டும் வழக்கமான மானிகள் அந்த இடத்தில் வெறும் இரைச்சலைத்தான் காட்டும். விசிறியின் சுழற்சி வேகத்தை வைத்தும் சொல்ல முடியாது. ஏனென்றால் மெல்லிய வாயுவில் சுவரோரம் மந்தமாக ஓடும் படலம் தடித்துப்போய் நடுவில் இருக்கும் ஒழுக்கையே மாற்றிவிடும்.

ஆர்ஹுஸில் பயன்படுத்தும் வழி லேசர். ஒரே லேசரிலிருந்து பிரித்த இரண்டு கதிர்களை ஒரு புள்ளியில் சந்திக்க வைத்தால், அந்தச் சின்ன இடத்தில் வெளிச்சமும் இருட்டுமாக மெல்லிய வரிகள் உண்டாகும். ஒரு தூசித்துகள் அந்த வரிகளைக் கடக்கும்போது மினுக் மினுக்கென்று மின்னும். வரிகளின் இடைவெளி துல்லியமாகத் தெரியும், மின்னும் வேகத்தை அளக்கலாம், இரண்டையும் பெருக்கினால் துகளின் வேகம் வந்துவிடும். லேசர் டாப்ளர் முறை என்பார்கள். இதன் அழகு, இந்தக் கணக்கில் வாயுவின் அடர்த்தியோ வெப்பநிலையோ எங்கேயும் வராது. ஆனால் துகள் காற்றோடு ஒட்டிப் போக வேண்டும். மெல்லிய வாயுவில் கொஞ்சம் பெரிய துகளானாலும் பின்தங்கிவிடும். ஆகவே ஒரு சில மைக்ரான் அளவுள்ள தூசி மட்டும்தான் உதவும்.

இன்னொரு வழி பழையது, எளியது: காற்றை விட்டுவிட்டு சென்சாரை நகர்த்துவது. அசையாத வாயுவுக்குள் ஒரு தண்டவாளத்தில் சென்சாரைத் தெரிந்த வேகத்தில் ஓட்டினால், சென்சாருக்கு அது காற்று அடிப்பதுதான். சைக்கிளில் போகும்போது முகத்தில் அடிப்பதைப் போல. வேகத்தைச் சக்கரத்திலிருந்தே படித்துக்கொள்ளலாம். என்ன, அறையின் நீளத்துக்குள் வேகமெடுத்து, அளந்து, நிறுத்திவிட வேண்டும். மிகக் குறைந்த வேகங்களுக்கு இதுதான் எனக்கு நம்பிக்கையான வழி.

இத்தனை செய்தாலும் அறைக்குள் கொண்டுவர முடியாத ஒன்று உண்டு. ஈர்ப்பு. 2008 மே 25 அன்று செவ்வாயின் வடதுருவப் பகுதியில் இறங்கிய ஃபீனிக்ஸ் லேண்டரில் ஆர்ஹுஸ் குழு செய்த ஒரு காற்றுக்காட்டி இருந்தது. மின்சாரம் கிடையாது, வயர் கிடையாது. கேப்டான் என்ற பிளாஸ்டிக் தாளில் செய்த மிக லேசான ஒரு சிறு குழல், கெவ்லார் என்ற வலுவான செயற்கை நூலின் மெல்லிய இழையில் தொங்கும். கீழே ஒரு கண்ணாடி. காற்று அடித்தால் குழல் சாயும். லேண்டரின் கேமரா படமெடுக்கும். எவ்வளவு சாய்ந்தது என்பதிலிருந்து வேகம், கண்ணாடியில் தெரியும் பிம்பத்திலிருந்து திசை. இவ்வளவு எளிமையான ஒன்று இன்னொரு கிரகத்தில் மாதக்கணக்கில் வேலை செய்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் குழலைக் கீழே இழுப்பது அதன் எடை. செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் 38 விழுக்காடுதான். அதனால் ஆய்வகத்தில் ஒரு காற்றுக்கு 20 டிகிரி சாயும் குழல், அங்கே அதே காற்றுக்கு அதைவிட நிறையச் சாயும். எடைக்குக் கணக்குப் போட்டுத் திருத்திவிடலாம். ஆனால் இழையின் விறைப்பு ஈர்ப்போடு சேர்ந்து குறைவதில்லை. அங்கே எடை குறைந்ததும் விறைப்பின் பங்கு பெரிதாகத் தெரியும், குளிரில் இன்னும் கூடும். அதைத் தனியாக அளந்து கணக்கில் சேர்த்தால்தான் படத்தில் தெரியும் சாய்வு வேகமாக மாறும்.

வெப்பத்தை வைத்து அளக்கும் வழியை முதலில் அங்கே கொண்டுபோனவை 1976இல் இறங்கிய இரண்டு வைக்கிங் லேண்டர்கள். கம்பிக்குப் பதிலாகத் தடிமனான, பிளாட்டினம் பூசிய சூடான ஊசிகள். அவற்றைச் சுற்றியுள்ள வாயுவைவிட 100 டிகிரி அளவுக்குச் சூடாக வைத்திருந்தார்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு ஊசிகள் இருந்தாலும், காற்று முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்து வருகிறதா என்று அவற்றால் சொல்ல முடியாது. இரண்டு பக்கத்திலிருந்து வந்தாலும் ஆறுவது ஒரே மாதிரிதானே. அதைப் பிரித்துச் சொல்ல நாற்புறமும் வெப்பநிலை பார்க்கும் இன்னொரு சூடான தண்டு வைத்தார்கள். வைக்கிங் 1இல் அந்தத் தண்டின் ஹீட்டர் ஒன்றரை மாதத்தில் செத்துப்போனது. அதற்குப் பிறகு திசையைக் கண்டுபிடிக்க மிச்சமிருந்த தடயங்களை வைத்துத்தான் உழைக்க வேண்டியிருந்தது.

1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் லேண்டர் ஒரு கம்பத்தின் உச்சியில் ஆறு துண்டுக் கம்பிகளைச் சுற்றி வைத்துக்கொண்டு போனது. கூடவே மூன்று உயரங்களில் சிறு காற்றுப்பைகள், விமான ஓடுதளத்தில் பார்ப்போமே அந்த மாதிரி. காற்றுப்பைகளைச் சோதித்தது நான் மேலே சொன்ன மார்ஸ்விட் சுரங்கத்தில். கம்பிகளின் கேலிபரேஷன், அதாவது அவை காட்டுவதைச் சரியான வேகத்தோடு பொருத்தும் வேலை, சிக்கலாகிவிட்டது. திசை நன்றாகவே கிடைத்தது, வேகத்தைச் சொல்வதில்தான் இழுபறி. சரியான வளியில், சரியான வெப்பநிலையில் போதுமான அளவு சோதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எல்லோரும் சுட்டிக்காட்டும் உதாரணம் அது.

செவ்வாயில் ஊர்ந்து திரியும் வண்டியான கியூரியாசிட்டி ரோவருக்கு ஸ்பெயின் நாட்டுக் குழு செய்த சென்சார் வேறு மாதிரி. சிறுசிறு சிலிக்கான் சில்லுகள், அவற்றின் மேல் பிளாட்டினத் தடங்கள். ஒரு பலகையில் நான்கு சில்லுகள். எந்தச் சில்லு அதிகம் ஆறுகிறது என்று ஒப்பிட்டால் திசையும் வேகமும் சேர்ந்தே வரும். ரோவரின் கம்பத்தில் இப்படி இரண்டு கைகள், ஒன்றிலிருந்து ஒன்று 120 டிகிரி தள்ளி. ஏன் இரண்டு? கம்பமும் ரோவர் உடம்பும் காற்றை மறைக்கும். எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் ஒரு கையாவது மறைவில்லாமல் இருக்க வேண்டும். 2012 ஆகஸ்டில் இறங்கும்போது ஒரு கையின் சென்சார் அடிபட்டுவிட்டது. ராக்கெட் வீச்சில் தெறித்த கற்களாக இருக்கலாம் என்பதே பொதுவான கருத்து. அதிலிருந்து பின்பக்கக் காற்று அந்த ரோவருக்கு ஒரு குருட்டுப் புள்ளி.

கம்ப்யூட்டரில் ஒழுக்கைக் கணக்குப் போட்டுவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். ரோவர் உடம்பு காற்றை எப்படி வளைக்கிறது என்பதற்கு அப்படித்தான் செய்கிறார்கள், நன்றாகவே வருகிறது. ஆனால் ஒரு சில்லு தன் ஒட்டுப்பசை வழியாகவும் பொன் இழைகள் வழியாகவும் எவ்வளவு வெப்பத்தை இழக்கும் என்பதைக் கணக்கை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. ஒரே அச்சில் செய்த இரண்டு சில்லுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒவ்வொன்றையும் அறைக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மீயொலி முறைக்கு ஆசைப்படுபவர்களும் உண்டு, நானும் அதில் ஒருவன். ஒலி காற்றோடு போனால் சீக்கிரம் சேரும், எதிர்த்துப் போனால் தாமதமாகும். இரண்டு பக்க நேரத்தையும் ஒப்பிட்டால் வேகம் கிடைத்துவிடும். வெயிலோ, ஒட்டுப்பசையில் ஒழுகும் வெப்பமோ இடையில் வராது. செவ்வாயில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 240 மீட்டர். 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நொடிக்கு 1 மீட்டர் காற்று உண்டாக்கும் நேர மாற்றம் 1.7 மைக்ரோ செகண்ட் அளவு. இன்றைய மின்னணுவியலுக்கு இது பெரிய வேலையே இல்லை. சிக்கல் ஒலியை வாயுவுக்குள் அனுப்புவதில்தான். வாயு அவ்வளவு மெலிசாக இருப்பதால் அதிரும் தகட்டின் ஆற்றல் அதற்குள் இறங்காது, இங்கே இறங்குவதில் நூறில் ஒரு பங்கு மாதிரி. போதாததற்குக் கார்பன் டை ஆக்சைடு மீயொலியைப் பலமாக உறிஞ்சும். மெல்லிய படலமுள்ள மின்தேக்கி வகை ஒலிபரப்பிகள் இதற்குத் தோதானவை. ஆனால் அவற்றுக்குப் பெரிய மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். செவ்வாயின் அழுத்தத்தில், ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளியில், சில நூறு வோல்ட்டிலேயே பொறி பறந்துவிடும். நம் காற்றில் அதே இடைவெளி ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தாங்கும். இங்கே மேசையில் ஒழுங்காக ஓடிய சர்க்யூட் அங்கே ஊதா நிறத்தில் மினுக்கத் தொடங்கும். அமெரிக்காவில் ஒரு குழு பல வருடங்களாக இந்தக் கருவியைச் செம்மைப்படுத்தி வருகிறது, ஆய்வகத்தில் செவ்வாய் அழுத்தத்தில் அது வேலை செய்வதையும் காட்டிவிட்டது. ஏதாவது ஒரு லேண்டரில் ஏறிப் போக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இனி மறுபக்கம், அடர்ந்த வளிகள்.

வெள்ளியின் தரையில் சுமார் 92 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது 1000 மில்லிபார், ஏறக்குறைய நம் வளியழுத்தம்), 460 டிகிரிக்கு மேல் வெப்பம். வாயுவின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 65 கிலோ. நொடிக்கு 1 மீட்டரில் நகர்ந்தாலே இங்கே நொடிக்கு 7 மீட்டர் காற்று தள்ளுகிற மாதிரித் தள்ளும். செவ்வாயில் சுற்ற மறுக்கும் கிண்ணம் அங்கே ஜோராகச் சுற்றும். 1975 அக்டோபரில் இறங்கிய சோவியத் ஒன்றியத்தின் வெனரா 9, வெனரா 10 இரண்டிலும் கிண்ண அனிமோமீட்டர்தான். கிடைத்த வேகம் ஏறக்குறைய நொடிக்கு அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை. காற்றின் வேகம் அங்கே பிரச்சினையே இல்லை. மின்னணுவியல் பிழைத்திருப்பதுதான் பிரச்சினை. நாசாவின் க்ளென் மையத்தில் சுமார் 800 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு கலன் வெள்ளியின் அழுத்தம், வெப்பம், கந்தக டை ஆக்சைடு உள்ளிட்ட விஷ வாயுக்கள் வரை அப்படியே உண்டாக்கும். அதற்குள் சிலிக்கான் கார்பைடு சில்லுகள், மேலே எந்தப் பாதுகாப்பும் இல்லாமல், 521 மணி நேரம் ஓடியிருக்கின்றன. மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் ஒரு சிறு வெள்ளி நிலையத்தை அந்த மையம் திட்டமிடுகிறது, அதில் காற்று சென்சாரும் உண்டு.

ஆனால் 92 பாரும் 460 டிகிரியும் உள்ள ஒரு காற்றுச் சுரங்கத்தை ஓட்டுவது யாருக்கும் லேசில்லை. இங்கேதான் ஒரு நல்ல யுக்தி. மணலை நகர்த்தும் காற்றைப் பற்றி மட்டும் தெரிய வேண்டுமானால் வெப்பம் தேவையில்லை, அடர்த்தி ஒத்துவந்தால் போதும். ஏம்ஸ் மையத்தில் 1980களில் இருந்த வெள்ளிச் சுரங்கத்தில், அறை வெப்பநிலையில் கார்பன் டை ஆக்சைடை 30 பார் அளவுக்கு அழுத்தி வெள்ளியின் அடர்த்தியைக் கொண்டுவந்தார்கள். பிறகு அதே சுரங்கத்தைச் சனியின் துணைக்கோளான டைட்டனுக்காக மாற்றினார்கள். டைட்டனில் கழித்தல் 179 டிகிரி குளிர், ஒன்றரை பார் நைட்ரஜன். இவர்கள் அறை வெப்பநிலையில் சாதாரணக் காற்றையே 12.5 பாருக்கு அழுத்தினார்கள். பாகுத்தன்மையை அடர்த்தியால் வகுத்தால் வரும் எண் அப்போது டைட்டனுடையதோடு பொருந்திவிடும்.

வெப்பத்தை வைத்து அளக்கும் சென்சாருக்கு இந்தக் குறுக்குவழி உதவாது. அதற்கு வாயுவின் கடத்துதிறனும் குளிரும் ஒத்துவர வேண்டும். இதற்கு மேல் டைட்டனில் வேறொரு தொல்லை. அடர்ந்த வாயுவில் சூடான பொருள் இருந்தாலே அதைத் தொட்ட வாயு இலேசாகி மேலே எழும். சென்சார் தனக்குத்தானே ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்ளும். டைட்டனின் தரையில் 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் ஆய்வுக்கலம் இறங்கியபோது தெரிந்த காற்று நொடிக்கு 1 மீட்டருக்கும் கீழே. அவ்வளவு மெல்லிய காற்றை, சென்சார் கிளப்பிய எழுச்சியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். அந்த எழுச்சியும் ஈர்ப்பைப் பொறுத்தது, டைட்டனில் ஈர்ப்பு நம்முடையதில் ஏழில் ஒரு பங்கு. 2028இல் புறப்பட்டு 2034இல் அங்கே சேர வேண்டிய டிராகன்ஃபிளை பறக்கும் கலத்துக்கு இது நேரடியான கேள்வி. எட்டு ரோட்டர்களைக் கொண்டு ஊர் ஊராகப் பறக்கப் போகிற கலம் அது.

தூசியைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. ஆர்ஹுஸில் செவ்வாய்த் தூசிக்குப் பதிலாக டென்மார்க்கிலேயே கிடைக்கும் சால்டன் ஸ்கோவ் என்ற இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதைத் தூவி, சென்சாரின் மேல் படலம் படிந்த பிறகு அளவீடு எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கலாம். மெல்லிய தூசியைச் சமாளிக்கத் தெரிந்துவிட்டது. கற்களுக்குத்தான் இன்னும் வழியில்லை. பெர்சிவியரன்ஸ் ரோவர் 2022 ஜனவரியில் ஜெசிரோ பள்ளத்தில் ஒரு புழுதிப்புயலில் சிக்கியபோது, பறந்துவந்த சிறுகற்கள் அதன் காற்று சென்சாரின் மெல்லிய இழைகளை வெட்டிவிட்டன. காற்றைத் தொட்டு உணர வேண்டிய பாகத்தை மூடிவைக்கவும் முடியாதே.

கடைசியாக, கல்லூரியில் இதில் ஏதாவது செய்து பார்க்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியும். இயற்பியல் ஆய்வகத்தில் கண்ணாடி மணிக்கலனும் ரோட்டரி வெற்றிடப் பம்பும் இருந்தால் போதும். ஒரு சின்ன மணி அளவுள்ள தெர்மிஸ்டரை (வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் பொருள்) உள்ளே தொங்கவிட்டு, அதைச் சுற்றுப்புறத்தைவிட 50 டிகிரி சூடாக வைக்க எவ்வளவு வாட் தேவைப்படுகிறது என்று அளந்துகொண்டே அழுத்தத்தைக் குறையுங்கள். முதலில் வாட் இறங்கும், அது வெப்பச்சலனம் அடங்குவது. அப்புறம் நீண்ட தூரத்துக்கு அழுத்தம் குறைந்தாலும் வாட் கிட்டத்தட்ட அசையாது, மேக்ஸ்வெல் சொன்னது அது. ஒரு மில்லிபாரை நெருங்கி அதற்கும் கீழே போகும்போது மறுபடி சரியும், மூலக்கூறுகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும் இடம். செவ்வாயின் 6 மில்லிபார் அந்தச் சரிவுக்குச் சற்று மேலே உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். பிறகு உள்ளே ஒரு சிறிய கம்ப்யூட்டர் விசிறியை வைத்து, அதே அழுத்தத்தில் விசிறியை ஓட்டியும் நிறுத்தியும் இரண்டு வாட் அளவுகளையும் ஒப்பிடுங்கள். அந்த வித்தியாசம் எவ்வளவு சின்னது என்பதைக் குறித்துக்கொண்டு வந்து சொல்லுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவோம்.